மட்பாண்டச் சூளையில் உளிக்குத் தோய்ச்சல்: மூன்று உளிகள் பாழான பிறகு

மட்பாண்டம் சுடும் மின்சூளையில் எஃகைக் கடினப்படுத்த முடியும். ஆனால் சூளையின் திரையில் தெரியும் எண்ணையே எஃகின் சூடு என்று நம்பக் கூடாது என்பதை மூன்று உளிகளைப் பாழாக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

என் மனைவி பீங்கான் வேலைக்காக வாங்கிய, முன்பக்கம் கதவு திறக்கும் சிறிய சூளை அது. மர வேலைக்கான உளிகளை 6 மி.மீ. தடிமனுள்ள இஎன்31 என்னும் கார்பன் மிகுந்த எஃகுப் பட்டையில் அறுத்து அரம் போட்டு முடித்தது வரை சிக்கல் எதுவும் இல்லை.

முதல் உளியைப் பீங்கானுக்குச் செய்வதுபோலவே குளிர்ந்த சூளைக்குள் வைத்து, நான்கு மணி நேரத்தில் 820 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, அரை மணி நேரம் அதே சூட்டில் நிறுத்தி, சட்டென்று குளிர்ந்து கடினமாவதற்காக எண்ணெயில் தோய்த்தேன். கரிய செதில்கள் உரிந்து விழுந்தன; எஃகு கடினமாகியிருந்தால் வழுக்கிச் செல்ல வேண்டிய அரம் கடித்து இழுத்தது. கடைக்காரர் கார்பன் குறைந்த இஎன்8 பட்டையைக் கொடுத்துவிட்டார் என்று முடிவுகட்டி, உளியையும் மீதிப் பட்டையையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிக் கோயம்புத்தூர் சென்று அவரிடம் கோபமாகவே பேசினேன். அவர் பதில் பேசாமல் பக்கத்திலிருந்த டூல் ரூமுக்கு (கருவிப் பட்டறைக்கு) அழைத்துப் போனார். மேற்பரப்பில் ராக்வெல் கடினம் (எண் கூடினால் கடினமும் கூடுதல்) 40-ஐக்கூடத் தொடவில்லை, அரை மி.மீ. ஆழத்துக்குச் சாணை பிடித்துவிட்டு அளந்தபோது 62 காட்டியது. எஃகில் குறையில்லை, நெடுநேரம் காற்றுபடச் சூட்டில் கிடந்ததால் அதன் மேல்தோலில் இருந்த கார்பன் எரிந்துபோயிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு சூளையை வெறுமையாகவே 820-க்கு ஏற்றி, செங்கல் முழுவதும் சூடு பிடிக்க அரை மணி நேரம் விட்டு, பிறகே உளியை வைக்கிறேன். வைப்பதற்கு முன் உளியைச் சற்றுச் சூடாக்கி வெண்காரக் (போராக்ஸ்) கரைசலைப் பூசினால், அது சூளைக்குள் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கிறது. ஒழுகும் வெண்காரம் செங்கல்லை அரித்துவிடும் என்பதால் அடியில் பழைய சூளைத் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கரித்துண்டு போட்டுக் காற்றின் ஆக்சிஜனைக் குறைக்கும் வழியும் உண்டு. ஆனால் மின்கம்பிச் சுருளைக் காக்கும் ஆக்சைடு படலத்தை அந்தக் கரிச்சூழல் கெடுக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

இரண்டாம் உளி நன்றாகக் கடினமானது; மேசையிலிருந்து விழுந்ததும் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த முகம் சர்க்கரையைப் போல் மினுங்கியது. அளவுக்கு மீறிய சூட்டில் எஃகின் மணிகள் (நுண்படிகங்கள்) பருத்துவிட்டதற்கு அதுவே அடையாளம். இன்னொரு தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி உணரியை) உளி கிடந்த இடத்திலேயே வைத்துப் பார்த்தேன். திரையில் 820 காட்டியபோது அங்கே 890 டிகிரி இருந்தது. சூளையின் சொந்தத் தெர்மோகப்பிள் செங்கல்லுக்குள் பாதி புதைந்திருந்தது. உளியோ மின்கம்பிச் சுருளை ஒட்டிக் கிடந்தது. எந்தக் கருவியை நம்புவது என்று உறுதிசெய்ய, ஒரு சிட்டிகைத் தூள் உப்பைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்துச் சோதித்தேன். உப்பு 801 டிகிரியில் உருகும். இரண்டாவது தெர்மோகப்பிள் அந்த எண்ணை நெருங்கியபோதுதான் உப்பு உருகியது. உப்பின் ஆவி கம்பிச் சுருளுக்குக் கேடு என்பதால் இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். சூடேறிய எஃகில் காந்தம் ஒட்டாமல் போவதை மட்டும் நம்புவோருக்கும் ஒரு சொல்: அது ஏறத்தாழ 770 டிகிரியில் நிகழ்வது, இஎன்31-க்கு அந்தச் சூடு போதாது.

மூன்றாம் உளியைத் தோய்த்த பிறகு, அதே சூளையை 200 டிகிரியில் வைத்து டெம்பரிங் (கடினமான எஃகு எளிதில் ஒடியாமலிருக்க மிதமான சூட்டில் பதப்படுத்துவது) செய்யப் பார்த்தேன். ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றுவதற்காகச் செய்த சுருள் 200-இல் நிற்குமா? உளி நீலம் பாரித்து வெளியே வந்தது. அப்படியென்றால் ஏறத்தாழ 300 டிகிரி. உளிக்கு வேண்டிய கூர்மை நிற்காது. இப்போது கேக் சுடும் சிறிய ஓவனில் மணல் பரப்பிய தட்டுக்குள் உளியைப் புதைத்து, தனி வெப்பமானியைப் பார்த்தபடி, இரண்டு மணி நேரமாக இரண்டு முறை செய்கிறேன்.

சூளைக் கதவைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இரும்புக் குறடு மின்சாரம் ஓடும் சுருளைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஐந்து லிட்டர் கடலை எண்ணெயை இரும்புத் தூக்குவாளியில் 50 டிகிரிக்குச் சூடாக்கி, சூளையிலிருந்து இரண்டே எட்டில் சென்றடையும் இடத்தில் வைத்திருக்கிறேன். உளி முழுவதும் மூழ்காவிட்டால் எண்ணெய் தீப்பிடிக்கும். மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை அருகிலேயே கொண்டுவராதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலின் புகை நச்சு, வேண்டவே வேண்டாம்.

நான்காம் உளியில் அரம் வழுக்கியது. தேக்குச் சட்டத்தில் பன்னிரண்டு துளைகளைக் கொத்திய பிறகும் தீட்ட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவதையும் அதேபோல் தோய்த்தேன். இரவாகிவிட்டதால் டெம்பரிங்கைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசைமேல் வைத்தேன். விடிந்து பார்த்தபோது அதன் குறுக்கே மயிரிழை அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. தோய்த்த உளி கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும் ஓவனுக்குள் போய்விட வேண்டும்.