ஒரே பல்லில் 24, பிறகு 16

மகளுக்குப் பதினோரு வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு. முதலில் காட்டிய இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சொத்தைதான், குடைந்து அடைச்சிடலாம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. காரைக்குடியிலேயே இன்னொரு டாக்டரிடம் போனோம்.

அவர் பேனா மாதிரி ஒரு லேசர் கருவியை எடுத்தார். 655 நானோமீட்டர் சிவப்பு ஒளி பல்லுக்குள் போகும். சொத்தைக் கிருமிகள் விட்டுவைத்த பொருள்கள் அதை வாங்கி ஒளிரும். அந்த ஒளிர்வை 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும். பீங்கான் வில்லையில் வைத்துக் கருவியைச் சரிபார்த்தார். நல்ல பல் ஒன்றிலும் அளவெடுத்துக்கொண்டார். அப்புறம் கோட்டின் மேல் முனையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். எண் ஏற ஏறக் கீச்சொலியும் ஏறியது. மகள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். 24.

"இதை நம்பாதீங்கம்மா" என்று பள்ளத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து, மறுபடி வைத்தார். 16! அழுக்கும் கறையும்கூட ஒளிருமாம். முதல் எண்ணோடு வீட்டுக்கு வந்திருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்.

எனக்குப் புதிதாக இருந்தது கோரைப்பல் விஷயம். ஈறோரம் ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்து விநாடி காற்றடித்ததும் வெள்ளையாக ஒரு திட்டு எழுந்தது. தாது கரைந்த நுண்துளைகளில் தண்ணீர் போய்க் காற்று புகுந்தால் ஒளி அதிகம் சிதறுமாம். இந்தக் கருவி கிருமியின் மிச்சத்தைத்தான் பார்க்கும், தாது இழப்பை அல்ல. அதனால் இதற்குக் கண்தான் என்றார். எங்கள் வீட்டு முட்டைப் பூச்சுச் சுவரை நினைத்துக்கொண்டேன். திட்டு அந்தச் சுவர்போல் வழவழவென்று மின்னினால் சொத்தை நின்றுவிட்டது. மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் நடந்துகொண்டிருக்கிறது. மகளுக்கு மங்கல்.

குடையவில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினார். தினம் இரண்டு வேளை ஃப்ளோரைடு பேஸ்ட். இடைவேளைத் தீனிக்குத் தடை. ஆச்சியின் கந்தரப்ப டப்பா பரணுக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து 15. நான் சிரித்தேன். "ஒண்ணு குறைஞ்சதைக் கணக்குல எடுக்காதீங்க, முனை சாயுற கோணத்துலயே அவ்வளவு மாறும். ஏறலைல்ல, அதுதான் பார்க்கணும்" என்றார். கோரைப்பல் திட்டு இன்னும் வெள்ளைதான், ஆனால் மின்னுகிறது.

கூட வந்திருந்த ஆச்சிக்கு ஒரே கேள்விதான்: "அப்பக் கந்தரப்பம்?"

"சாப்பாட்டோட சேத்து ஒண்ணு குடுங்க ஆச்சி. கையில வச்சுக் கொறிக்க வேண்டாம்."