ஒரே எலுமிச்சை, நான்கு நூற்றாண்டு

மேசையில் இருப்பவை ஓர் ஈயச் சொம்பு, ஒரு கண்ணாடி டம்ளர், சில எலுமிச்சைப் பழங்கள், கைப்பிடி தேய்ந்த கத்தி, மடித்த வெள்ளைத் துணி. இவற்றையே வெவ்வேறு காலத்து ஐரோப்பிய ஓவியர்களின் முறையில் தைல வண்ணத்தில் வரைந்து பார்ப்பது என்று தொடங்கிய வேலை இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து நிற்கிறது. பொருட்களை மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் விதி. வெளிச்சம், பின்புலம், நிறங்கள், வேலையின் வரிசை எல்லாவற்றையும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பாணி என்றவுடன் தூரிகை வீச்சைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வரைய வரைய ஓரங்கள்தான் கண்ணில் பட்டன. ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் பாதிப் பாணி கைக்கு வந்துவிடுகிறது.

முதலில் எடுத்துக்கொண்டது 1630களின் ஹார்லெம். நெதர்லாந்தின் அந்த ஊரில் பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹேடாவும் சாப்பாட்டு மேசைகளை வரைந்துகொண்டிருந்த காலம் அது. பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. நடுவே பாதி தோல் உரித்த எலுமிச்சை மட்டும் பளிச்சிடும். அவர்கள் வரைந்த தட்டுகள் பெரும்பாலும் பியூட்டர் என்ற கலப்பு உலோகத்தால் ஆனவை. அதில் பெரும்பங்கு வெள்ளீயம். நம் வீட்டு ரசச் சொம்பும் வெள்ளீயம்தான். எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் எதிரில் இருக்கும் ஜன்னல் கம்பி வரை அதில் தெரிந்துவிடும். ஈயச் சொம்பிலோ வெளிச்சம் பரவி மங்கி, விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூர்மையாக நிற்கிறது. கிளாஸின் தட்டுகளில் இருப்பது இதே மினுக்கம்தான். (வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று வீட்டில் கத்துவதற்கும் இந்த உலோகமே காரணம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.)

இந்த முறையில் வரிசை முக்கியம். கான்வாஸ் முழுவதும் அம்பர் என்ற மண் நிறப் பழுப்பை மெலிதாகத் தேய்த்துக் காயவிட்டு, அதன் மேல் பழுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்து ஒளியையும் நிழலையும் முழுதாக முடித்துவிட வேண்டும். நிறம் அதற்குப் பிறகுதான். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் எண்ணெய் சீக்கிரம் காய்கிறது. அடுத்த அடுக்குக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. நிழல் பக்கத்தில் சொம்பின் அடர்வும் (அதாவது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது) சுவரின் அடர்வும் ஒன்றாகிவிடும். அங்கே கோடு போடவே கூடாது. போட்டால் சொம்பு கத்தரித்து ஒட்டிய தாளைப் போல முன்னால் துருத்திக்கொண்டு வரும். விட்டுவிட்டால் மிச்ச வளைவைப் பார்ப்பவரின் கண்ணே போட்டுக்கொள்கிறது.

எலுமிச்சைக்குத்தான் அதிக நேரம் போனது. தோல் மஞ்சள், அதற்கு உள்ளே வெண்மையான சதை, அதற்கும் உள்ளே ஒளி புகும் சுளை என்று மூன்று வேறு பரப்புகள். முதல் இரண்டையும் கெட்டியாக வைத்துவிடலாம். சுளை மட்டும், கீழ் அடுக்கு காய்ந்த பிறகு எண்ணெய் கூட்டிய மெல்லிய மஞ்சளை மேலே மேலே ஏற்றினால்தான் ஈரமாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது காரீயமும் வெள்ளீயமும் சேர்த்துச் செய்த மஞ்சள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது வழக்கொழிந்து, பிறகு ஓவியர்கள் அதை அடியோடு மறந்தே போனார்கள். 1941இல்தான் பழைய ஓவியங்களில் அது மீண்டும் அடையாளம் காணப்பட்டது. காரீயம் கலந்த எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. காட்மியம் மஞ்சளில் டைட்டானியம் வெள்ளையும் துளி மஞ்சள் ஓக்கரும் (மண் மஞ்சள்) சேர்த்துச் சமாளித்தேன். டைட்டானியம் கொஞ்சம் குளிர்ந்த, நீலச் சாயலான வெள்ளை. ஓக்கர் இல்லாவிட்டால் பழம் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

டம்ளரில் ஒரு வேடிக்கை உண்டு. ஜன்னல் அதில் இரண்டு முறை தெரியும்: முன்பக்க வளைவில் நேராக, எதிர்ப்பக்க உள்வளைவில் தலைகீழாக. ஹார்லெம் ஓவியர்கள் இரண்டையும் விடாமல் போட்டார்கள். இரண்டாவதைப் போட்ட பிறகுதான் என் டம்ளருக்குள்ளும் வெற்றிடம் வந்தது.

அடுத்தது ஸ்பெயின். அந்நாட்டு ஓவியர் ஹுவான் சாஞ்சஸ் கோத்தான் ஏறக்குறைய 1602இல் வரைந்த ஓவியம் ஒன்று சான் டியகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் ஜன்னல் ஒன்றில் சீமை மாதுளையும் முட்டைக்கோஸும் நூலில் தொங்க, கீழே முலாம்பழமும் வெள்ளரியும் இருக்கும். பின்னால் கன்னங்கரிய இருட்டு. 1603இல் அவர் கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளோடு சேர்ந்துவிட்டார். நான் அட்டைப்பெட்டி ஒன்றின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்து, எலுமிச்சையை நூலில் தொங்கவிட்டேன். மின்விசிறி ஓடினால் பழம் சுற்றுகிறது. நிறுத்தினால் நாம் வேகிறோம். ஹார்லெமில் கற்றதை இங்கே மறந்துவிட வேண்டும். வெயில் படும் பக்கத்தில் எந்த ஓரமும் கரையக் கூடாது. எல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி நிற்க வேண்டும். கறுப்புக்குள் காற்று இருக்கக் கூடாது. எனக்கு இந்தப் படம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் இதற்கு நேர் எதிர். பிரெஞ்சு அரச கலைக்கழகம் வரலாற்று ஓவியத்தை உச்சியிலும், பழம், பாத்திரங்களை வரைவதை அடியிலும் வைத்திருந்தது. அந்தக் கழகமே 1728இல் அவரை ‘விலங்குகளும் பழங்களும் வரைபவர்’ என்ற பிரிவில் சேர்த்துக்கொண்டது. 1763இல் எழுத்தாளர் திதரோ அவரது ஓவியங்களைப் பற்றி எழுதியபோது, கிட்டே போனால் எல்லாம் கலங்கித் தட்டையாகிவிடுகிறது, விலகி நின்றால் மீண்டும் உருப்பெறுகிறது என்று வியந்தார். செய்து பார்த்தால் இது வெறும் புகழ்ச்சி இல்லை, செய்முறைக் குறிப்பு என்றே புரிகிறது. காய்ந்த அடுக்கின் மேல் ஈரமில்லாத தூரிகையால் வண்ணத்தை இழுத்தால் அது கான்வாஸ் துணியின் மேடுகளில் மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து நிற்கிறது. கூடவே ஒவ்வொரு பொருளும் பக்கத்துப் பொருளின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டும். சொம்பின் வயிற்றில் எலுமிச்சையின் மஞ்சள், துணியின் மடிப்பில் சொம்பின் சாம்பல். கத்தி மட்டும் இந்த முறைக்கு ஒத்துவரவில்லை. இரும்பின் விளிம்பை மென்மையாக்கினால் அது கத்தியாக இருப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் சேசானுக்கு வரும்போது வண்ணத் தட்டே மாறிவிடுகிறது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் கண்டுபிடித்த, வண்ணம் அடைத்து விற்கும் தகரக் குழாய், 19ஆம் நூற்றாண்டின் புதிய நீலங்கள், பச்சைகள், காட்மியம் மஞ்சள் எல்லாம் கைக்கு எட்டும் காலம். பழுப்பு நிழல் போய்விட்டது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவதற்குப் பதில், மஞ்சளிலிருந்து பச்சை வழியாக நீலத்துக்குப் போக வேண்டும். பழங்களை விருப்பம்போல் சாய்ப்பதற்காக அவர் அவற்றின் அடியில் காசுகளைச் செருகியதை, அருகில் இருந்து பார்த்த இளம் ஓவியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். நானும் இரண்டு ரூபாய் நாணயங்களைச் செருகினேன். எலுமிச்சை உருண்டு போகாமல் தன் மூக்கை நம்மை நோக்கித் திருப்பிக்கொண்டது.

சிகாகோவில் இருக்கும் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தில் மேசையின் விளிம்பு துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரத்திலும் அந்தப் பக்கம் வேறோர் உயரத்திலும் இருக்கும். வேண்டுமென்றே அப்படி உடைத்து வரைந்தால் குறும்பாகத்தான் தெரியும். நாற்காலியை நகர்த்தி, இடப்பாதியை ஓரிடத்திலிருந்தும் வலப்பாதியை மற்றோர் இடத்திலிருந்தும் பார்த்து வரைந்தபோது விளிம்பு தானாகவே விலகி, உறுத்தாமல் இருந்தது. பழத்தின் ஓரமும் அப்படித்தான். ஒரே கோடாக இல்லாமல், நீலத்தில் இரண்டு மூன்று இடங்களில் விட்டு விட்டு வருகிறது. பழம் எங்கே முடிகிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கோடு அது. சேசான் மிக மெதுவாக வேலை செய்ததால் பழங்கள் அழுகின, பூக்களுக்குத் தாள் பூக்களை வைத்துக்கொண்டார் என்பார்கள். எலுமிச்சை அந்த வகையில் உத்தமம். சுருங்குமே தவிர அவ்வளவு சீக்கிரம் காலை வாராது.

பொருட்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கோணங்களை ஒரே படத்தில் சேர்க்கும் கியூபிஸத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1912இல் பிரெஞ்சு ஓவியர் பிராக், அவிஞ்ஞோன் நகரக் கடை ஒன்றில் பார்த்த மரவரித் தாளை (மரத்தின் வரிகள் அச்சிட்டது) வாங்கித் தன் சித்திரத்தில் ஒட்டினார். வீட்டு அலங்கார வண்ணப் பூச்சுத் தொழிலில் பயின்றவர் அவர். பொய் மரத்தின் சூட்சுமம் தெரிந்தவர். அலமாரிக்கு ஒட்டும் மரவரி ஸ்டிக்கர் தாளை நானும் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய தாளின் ஓரம் டம்ளரின் ஓரத்தை மதிக்காமல் தன் போக்கில் குறுக்கே போவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேசையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனதால் எனக்கு மனம் ஒட்டவில்லை.

இப்போது மேசையில் நடப்பது மொராண்டி. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஃபொந்தாஸ்ஸா தெரு வீட்டில் அதே புட்டிகளையும் பெட்டிகளையும் பல்லாண்டுகள் வரைந்தவர். பளபளப்புப் போவதற்காகச் சில புட்டிகளுக்கு அவரே வண்ணம் பூசிவிடுவார். டம்ளருக்கு மங்கலான வெள்ளை அடித்துவிட்டேன். ரசச் சொம்புக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அதன் மேல் தாளைச் சுற்றியிருக்கிறேன். டம்ளரும் சொம்பும் ஒட்டி நிற்கும் இடத்தில் இரண்டு சாம்பல் நிறங்களுக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. பழுப்புச் சாயலான, ‘சூடான’ சாம்பல் நிறத்துக்கு அம்பரும் வெள்ளையும், நீலச் சாயலான ‘குளிர்ந்த’ சாம்பலுக்கு அல்ட்ராமரீன் நீலத் துளியும் சேர்த்துக் கலந்து வைத்திருக்கிறேன். அடர்வைச் சமமாக்கி, சூட்டையும் குளிர்ச்சியையும் மட்டும் வைத்து அந்த ஓரத்தைப் பிரிக்க முடியுமா என்று பார்க்கிறேன். காலை வெளிச்சத்தில் பிரிகிறது, மாலையில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் பத்து மணிக்கு மேல் இந்தப் படத்தைத் தொடுவதில்லை.