துண்டு போட்டுப் பிடித்த இடங்கள்: ஒரு கிளஸ்டர் நாட்குறிப்பு

2025 ஜூன் 23, திங்கள்

கணக்குப் பிரிவு அக்கா காலையிலேயே பிடித்துக்கொண்டார். "தம்பி, ஆர்டர் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு. கிளவுட் பில் மட்டும் ஏன் மாசாமாசம் ஏறுது?" என்னிடம் பதில் இல்லை. பில்லில், எங்கள் கிளஸ்டருக்கு (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் வாடகை மெஷின்களின் கூட்டம்) 12 மெஷின், இத்தனை மணி நேரம் என்று மட்டும்தான் இருக்கிறது. அவற்றுக்குள் எந்த டீமின் கன்டெய்னர் (தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் புரோகிராம்) எவ்வளவு தின்றது என்று அதில் இல்லை.

மாலையில் ஓப்பன்காஸ்ட் நிறுவினேன். ஓப்பன் சோர்ஸ் கருவி. புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி சேர்த்துவைத்திருக்கும் அளவீடுகளையும் மெஷின் விலையையும் பொருத்தி, நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பெயர் வைத்துப் பிரித்த பகுதி) வாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

நோடுக்கு, அதாவது ஒரு மெஷினுக்கு, 4 சிபியு கோர், மொத்தம் 48. பாட்கள் (கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகுகள்) கேட்டு வாங்கியிருப்பது 43. உண்மையில் ஓடுவது சராசரியாக 6. கூட்டம் அதிகமான நேரத்திலும் 11-ஐத் தாண்டவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, கிளஸ்டரை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் ரிக்வெஸ்ட் (பாட் முன்கூட்டியே கேட்டு வைக்கும் அளவு) என்பது அந்தத் துண்டுதான். பாட்டை எந்த நோடில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் துண்டை மட்டும் பார்க்கும். சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காது. எல்லாச் சீட்டிலும் துண்டு கிடந்தால், மெஷின்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் அடுத்த பஸ்ஸை வரவழைத்துவிடும். எங்களுக்கு அடுத்த பஸ் என்பது அமேசான் கிளவுடின் வட வர்ஜீனியா பகுதியில் இன்னொரு எம்5 எக்ஸ்லார்ஜ் மெஷின்: மணிக்கு 0.192 டாலர், மாதத்துக்குச் சுமார் 138 டாலர்.

ஜூன் 26, வியாழன்

பேமென்ட் டீம் அண்ணாவிடம் போனேன். அவருடைய சர்வீஸ் 2 கோர் கேட்கிறது; 150 மில்லிகோரைத் (கோரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிகோர்) தாண்டியதே இல்லை, அதாவது ஒரு கோரில் ஆறில் ஒரு பங்குகூட வருவதில்லை. திரையைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒரு தீபாவளி ராத்திரி இது படுத்துடுச்சுப்பா. ரெண்டு மணிக்கு நான் போட்ட நம்பர் இது. அப்புறம் யாரு கை வைப்பா?"

அந்த நம்பர் எழுதிய ஃபைலைத்தான் மற்ற 11 சர்வீஸ்களும் நகலெடுத்திருக்கின்றன. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு கண்விழித்தவருக்கு அந்த 2 கோர் ஒரு தைரியம். அதைக் குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால், குறைத்த பிறகு ஏதாவது ஆனால் கூடவே நிற்பேன் என்றும் நான் சொல்ல வேண்டும். சொன்னேன். 300 மில்லிகோருக்கு ஒத்துக்கொண்டார்.

ஜூன் 28, சனி

வீட்டிலிருந்தே பார்த்தேன். வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சனிக்கிழமையும் முழுமூச்சில் ஓடுகிறது, தொட ஆளில்லாமல். வாரத்துக்கு 168 மணி நேரம். நாங்கள் அதில் வேலை பார்ப்பது 60 மணி நேரம்கூட இருக்காது. இரவிலும் வார இறுதியிலும் பாட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க ஒரு கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டாயிற்று.

யாரும் பயன்படுத்தாத 31 டிஸ்க் கிடைத்தது, ஒவ்வொன்றும் 100 ஜிபி. தரவைத் தன் டிஸ்க்கில் வைத்திருக்கும் பாட்களின் தொகுப்பான ஸ்டேட்ஃபுல்செட்டை அழித்தாலும் அதன் டிஸ்க் தானாகப் போகாது. நாம்தான் அழிக்க வேண்டும். ஜிபிக்கு மாதம் 0.08 டாலர், ஆக மொத்தம் 248 டாலர். ஒவ்வொன்றுக்கும் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிட்டே அழித்தேன்.

ஜூன் 30, திங்கள்

இரவு 11:40. ரிப்போர்ட் சர்வீஸ் விழுந்தது. எக்ஸிட் கோட் 137: மெமரி லிமிட்டைத் (அதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு) தாண்டியதால் மெஷினின் இயங்குதள மையமான கெர்னல் கொன்றுவிட்டது. தவறு என்னுடையது. 8 ஜிபியாக இருந்ததை 2.5 ஜிபியாகக் குறைத்தவன் நான். பார்த்த தரவில் உச்சம் 1.9 ஜிபிதான் இருந்தது. ஆனால் புரோமிதியஸ், நாம் மாற்றாவிட்டால், 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். மாதக் கடைசி அந்த 15 நாளுக்குள் வரவே இல்லை. ரிப்போர்ட் சர்வீஸ் மூச்சு வாங்குவதோ மாதக் கடைசியில்தான்.

சிபியு குறைந்தால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி போதாவிட்டால் உயிர் போகும். இரண்டையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கக் கூடாது. 5 ஜிபி கொடுத்தபின் ரிப்போர்ட் 12:30-க்கு முடிந்தது. பேமென்ட் அண்ணா தூங்காமல் அழைப்பில் கூடவே இருந்தார். அவருடைய சர்வீஸ் இல்லை இது.

ஜூலை 4, வெள்ளி

ரிக்வெஸ்ட்டெல்லாம் குறைத்தும் இரண்டு நோடுகள் போக மறுத்தன. ஒரு நோடில் கேட்கப்பட்ட அளவு பாதிக்குக் கீழே இறங்கி 10 நிமிடம் அப்படியே இருந்தால் ஆட்டோஸ்கேலர் அதைக் காலி செய்யப் பார்க்கும். அங்கே ஒரே ஒரு பாட் உள்ள சர்வீஸுக்கு 'குறைந்தது ஒன்று எப்போதும் ஓட வேண்டும்' என்று யாரோ விதி எழுதியிருந்தார்கள். அந்த ஒன்றை எப்படி நகர்த்தும்? பாட்டை இரண்டாக்கியதும் வழிவிட்டது.

இப்போது 7 நோடு. ஐந்து குறைந்ததில் மாதம் 690 டாலர் மிச்சம், டிஸ்க் தனி. அக்காவுக்கு நேம்ஸ்பேஸ் வாரியாக அனுப்பிவிட்டேன். புரோமிதியஸ் தரவை 45 நாள் வைத்திருக்கச் சொல்லியாயிற்று. ரிப்போர்ட் சர்வீஸின் 5 ஜிபியை ஜூலை 31 இரவைப் பார்க்கும்வரை தொடமாட்டேன். அன்றும் அழைப்பில் இருப்பதாக அண்ணா சொல்லியிருக்கிறார்.