உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு

வேலையையும் ஓய்வையும் எப்படிச் சமன்செய்வது என்பது பற்றி நம் சபைகளில் அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோம். அலுவலகத்தில் அளவோடு உழையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கைபேசியை அணைத்து வையுங்கள், தனி ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று அவை பெரும்பாலும் தனிமனிதனை நோக்கியே பேசுகின்றன. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைக் குறித்த கட்டளையை நிதானமாக வாசிக்கும்போதெல்லாம், பிறருக்கு ஓய்வு கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரை நோக்கியே அது முதலில் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இந்தக் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: தேவன் ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் மோசே அதே கட்டளையைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச் சொல்லும்போது காரணம் மாறிவிடுகிறது. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள் என்கிறார். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று நீளும் பட்டியலின் முடிவில், வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்ற நோக்கமும் சேர்க்கப்படுகிறது.

அந்த எகிப்து எப்படிப்பட்டது என்பதை யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் காட்டுகிறது. வனாந்தரத்தில் மூன்று நாள் பயணம் போய்ப் பலியிட்டு வருகிறோம் என்று மக்கள் சார்பில் கேட்டபோது, பார்வோன் செங்கலுக்கான வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. முறையிட வந்தவர்களைச் சோம்பேறிகள் என்றான். ஆட்களைக் குறைத்துவிட்டு இலக்கைக் குறைக்காத அலுவலகங்களில் பணிபுரிகிறவர்களுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேதம் வேலையை இழிவாகப் பார்க்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஏதேனில் ஆதாம் பாவம் செய்வதற்கு முன்பே தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலை அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஓய்வுநாள் கட்டளையும் ஆறு நாள் வேலை செய்வதைச் சொல்லிவிட்டுத்தான் ஏழாம் நாளுக்கு வருகிறது.

உபாகமத்தின் அந்தப் பட்டியலில் மனைவி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டளையில் வரும் "நீ" கணவன் மனைவி இருவரையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு; அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் கிறிஸ்தவ வீடுகளின் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தால், அவள் உண்மையிலேயே விடுபட்டுப் போனவள் என்றே எண்ணத் தோன்றும். விடியுமுன் எழுந்து காலை உணவு செய்து, பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலைக்குக் கிளப்பி, ஆராதனை முடிந்து திரும்பியதும் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கவைத்து, வந்த விருந்தினருக்குப் பரிமாறி, மாலையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கும் ஓடுகிறவளுக்குத் திங்கட்கிழமை அலுவலகம்தான் சற்று மூச்சு விடும் இடம். இயேசு விருந்தினராக வந்தபோது அவர் பேச்சைக் கேட்க உட்காராமல் வீட்டுவேலையிலேயே மூழ்கியிருந்த மார்த்தாளைக் கண்டிக்கும் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, மார்த்தாள் சமைத்ததையே நாம் சாப்பிடுகிறோம்.

இதற்கு வேதம் ஒரு நடைமுறையையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்படுவதற்கு முன்பே, வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு பொழிந்த வனாந்தரத்தில், ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து மறுநாளுக்கு வையுங்கள் என்று இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது. மற்ற நாள்களில் மீத்துவைத்த மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக வைத்தது கெடவில்லை. ஓய்வு தானாக வந்துவிடுவதில்லை, முந்தைய நாள் யாரோ கூடுதலாக உழைத்தால்தான் அது வருகிறது என்பதை இந்த ஏற்பாடு மறைக்கவில்லை. அந்தக் கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது என்பதே ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை எல்லோரும் சமையலறையில் இருக்கிறோம். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பதால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஓய்வை ஒரு சட்டமாக இறுக்கிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. சாப்பிடவும் நேரமில்லாமல் ஊழியம் செய்த சீஷர்களை, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறலாம் வாருங்கள் என்று இயேசு அழைத்ததை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். படகு கரை சேருமுன்பே ஜனங்கள் அங்கே கூடிவிட்டார்கள். அவர்கள்மேல் மனதுருகி அவர் போதிக்கத் தொடங்கினார். திட்டமிட்ட ஓய்வு கலைந்துபோனது. ஆனால் அன்று கலைந்தது அவருடைய சொந்த ஓய்வும்தான் என்பதை, மற்றவர்களின் விடுமுறையை ஊழியத்தின் பெயரால் எடுத்துக்கொள்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி, அதன் பிறகு பாடகர் குழுப் பயிற்சி என்று நாளை நிரப்பும் சபைகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை கிடைப்பதற்காக முன்னின்று போராடியவர் கிறிஸ்தவர் அல்லர். ஜோதிராவ் பூலே தொடங்கிய சமூகச் சீர்திருத்த அமைப்பான சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் கேட்டதன் பலனாக 1890இல் அங்கே ஞாயிறு விடுமுறை வந்தது. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை எழுத்தில் கொண்டுவந்தது. உபாகமத்தின் கட்டளையை அதை வாசிக்கிறவர்களைவிட அவர் நன்றாக நிறைவேற்றினார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

தொழிற்சாலைச் சட்டம் நம் வீட்டுச் சமையலறைக்குள் வருவதில்லை. பாத்திரம் துலக்கவும் வீடு துடைக்கவும் வருகிறவருக்குப் பல கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் சீக்கிரம் வர வேண்டிய நாள், ஏனென்றால் வீட்டார் காலை ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். அவர் ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கும் வீடுகளிலும் வாசலில் வேத வசனம் தொங்குகிறது. இதைப் பேசத் தொடங்கினால், "ஞாயிற்றுக்கிழமைதானே பாத்திரம் அதிகம்?" என்பதே உடனே வரும் பதில். அது உண்மைதான். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தோடு ஞாயிறு விடுமுறை என்று முடிவானபோது, அந்தப் பாத்திரங்கள் என் கணவருக்கும் மூத்த மகனுக்கும் பங்காகின. அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை வகைக் குழம்பு தேவை என்பதில் அவர்கள் இருவருக்கும் என்னைவிடக் கண்டிப்பான கருத்து உண்டு.