எதிர்த்தரப்பின் சாட்சி நடுநிலையாகுமா?

கம்பளையில் உயர்தர மாணவருக்கு இஸ்லாமிய நாகரிகம் கற்பிக்கும் நான், ஆரம்பகால இஸ்லாமிய வரலாற்றில் நடுநிலை பற்றி இரு விதமான வாதங்களை அடிக்கடி கேட்கிறேன். ஈமான் கொண்டவர் எழுதினால் அது வரலாறாகாது என்பது ஒன்று. பிறர் எழுதினால் அது பகைமையாகவே இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே எழுதுபவர் யார் என்று விசாரிப்பதோடு நின்றுவிடுகின்றன. அவர் தம் முடிவோடு வாசகர் முரண்படுவதற்கு வேண்டிய ஆதாரங்களையும் விட்டுச்செல்கிறாரா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இந்த அளவுகோலில், கி.பி. 923இல் மறைந்த வரலாற்றாசிரியர் இமாம் தபரி இன்றைய பலரைவிட உயர்ந்து நிற்கிறார். தம் வரலாற்று நூலின் முன்னுரையிலேயே, வாசகருக்கு ஒவ்வாத செய்தி ஏதும் இருந்தால் அது அச்செய்தியைச் சொல்லித் தந்த அறிவிப்பாளர்களிடமிருந்து வந்தது என்றும், தமக்கு வந்தவாறே அதைத் தாம் ஒப்படைப்பதாகவும் அவர் சொல்லிவிடுகிறார். 656இல் முஸ்லிம்களுக்கிடையே நடந்த ஜமல் போருக்கு ஸைஃப் இப்னு உமர் என்ற அறிவிப்பாளரையும், அடுத்த ஆண்டு நடந்த ஸிஃப்பீன் போருக்கு, அதில் ஒரு தரப்பாக நின்ற நான்காம் கலீஃபா அலி (ரழி) அவர்களின் பக்கம் சாய்வுள்ள கூஃபாவாசியான அபூ மிக்னஃபையும் அவர் பெரிதும் சார்ந்திருந்தார் என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணமே, பெயர்களை அவர் அழிக்காமல் வைத்ததுதான். ஸைஃபை ஹதீஸ் விமர்சகர்கள் பலவீனமானவர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நம் கைகளில் புழங்கும் தமிழ்ச் சுருக்கங்கள் சிலவற்றில், மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்களின் கொலைக்கு இப்னு ஸபா என்பவரின் சதியே காரணம் என்ற அதே ஸைஃபின் கதை, அவருடைய பெயர் உதிர்ந்து, 'வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்' என்ற போர்வையில் முடிந்த முடிவாக நிற்கிறது. சார்பு மறைந்திருக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. (இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறான ஸீராவைச் செம்மைப்படுத்திய இப்னு ஹிஷாம், சிலவற்றைத் தாம் நீக்கியதாகத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார், அந்த நேர்மையாவது நமக்கு வேண்டும்.)

மேற்கத்தேய ஆய்வாளர்களின் அடிப்படைக் கேள்வியில் தவறில்லை. நபி (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தார்கள். இப்னு இஸ்ஹாக் 767 அளவில் மறைந்தார். அவரது நூலும் நமக்குப் பெரிதும் பிறர் வழியாகவே கிடைக்கிறது. இந்த இடைவெளியில் பிற்காலச் சச்சரவுகள் அறிவிப்புகளுக்குள் புகுந்திருக்கலாம் என்று ஹங்கேரிய ஆய்வாளர் கோல்ட்ஸீஹர் 1890 அளவிலேயே வாதிட்டார். 1977இல் ஆய்வாளர்களான பற்றிசியா கிரோனும் மைக்கல் குக்கும் வேறொரு படி ஏறி, முஸ்லிம் மூலங்களை ஒதுக்கிவிட்டு, கிரேக்க, சிரியாக், ஆர்மேனிய எழுத்துக்களிலிருந்து தொடக்கக் கதையை மீள எழுத முயன்றனர். அவர்கள் பயன்படுத்திய கிரேக்க உரையாடலொன்று 630களின் சூழலைச் சேர்ந்ததுதான்; ஆயினும் அது யூதர்களுடன் வாதாடிக் கிறிஸ்தவத்தை நிலைநாட்ட எழுதப்பட்ட ஒன்று. முஸ்லிம் அறிவிப்பாளரிடம் காட்டிய சந்தேகத்தில் பாதியையேனும் அதனிடமும் காட்டியிருக்க வேண்டும்.

மலையகத்தில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்ததைப் பற்றித் தோட்டத் துரைமாரும் பொலிஸாரும் அன்றே எழுதிவைத்தவை ஒருபுறமும், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு வந்தது மறுபுறமும் இருக்க, காகிதம் முந்தியது என்பதற்காகத் துரையின் கூற்றே நடுநிலையானது என்று இங்கே எவரும் ஏற்கமாட்டார். அதேவேளை, நம்மவர் சொன்னது என்பதற்காக ஒவ்வொரு விவரத்தையும் சோதிக்காமல் ஏற்பவரும் ஆய்வாளராகமாட்டார்.

எந்தத் தரப்புக்காகவும் வாதாடாத சான்றுகளும் உண்டு. எகிப்தில் கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கும் பப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்று, ஹிஜ்ரி 22இல், அதாவது 643இல், கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டு. படையினருக்காக 65 ஆடுகள் பெறப்பட்டதை அது பதிவுசெய்கிறது. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அவ்வளவு முன்னரே புழக்கத்தில் இருந்ததற்கு அதைவிட உறுதியான சாட்சி அரிது. ஆனால் ஸிஃப்பீனில் யார் நியாயத்தின் பக்கம் நின்றார் என்று அந்தச் சீட்டிடம் கேட்க முடியாது. அதற்கு மறுபடியும் அபூ மிக்னஃபிடமே போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையில் முதலில் அறிவிப்பாளரின் பெயரை எழுதுகிறேன். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காதே, சேர், என்று பிள்ளைகள் முணுமுணுப்பதுண்டு.