பூவின் அடியில் ஒரு கீறல்

நீரோரத்தில் புதராக வளருமே, வெளிர் ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூக்கும் ஐபோமியா கார்னியா, அதன் பூ விடியும்போது விரிந்து அன்றைக்கே வாடிவிடும். போன மாதம் ஒரு காலையில் அந்தப் புதர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கருவண்டு ஒன்று ரீங்காரமிட்டு வந்தது. பேச்சில் வண்டு என்கிறோமே தவிர, மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் இது தேனீக்களின் உறவுதான். அகலத் திறந்திருக்கும் பூவின் வாய் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பூவின் முதுகில் போய் உட்கார்ந்தது, தலையைக் காம்புப் பக்கம் வைத்துக்கொண்டது, பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சை உறையான புல்லிவட்டத்துக்குச் சற்று மேலே வாயை அழுத்தி உடம்பை ஒருமுறை முன்னுக்குத் தள்ளியது. இரண்டு மூன்று நொடிதான், அடுத்த பூவுக்குப் போய்விட்டது.

அது போனதும் பூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பகுதியில் பிளேடால் கீறினது போல நெடுக்காக ஒரு சின்னப் பிளவு, விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்துப் பூக்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினால் பாதிக்கு மேல் அதே இடத்தில் அதே கீறல், சிலதில் விளிம்பு பழுப்பேறிக் காய்ந்தே போயிருந்தது. இத்தனை நாள் இந்தப் பூக்களை முன்பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். பூ தேனைச் சும்மா சுரப்பதில்லை. தேன் அடியில் இருக்கிறது, அதை எடுக்க வருகிறவர் வாய்வழியாக உள்ளே இறங்கினால் போகிற வழியில் மகரந்தத்தாளும் சூலகமுடியும் உடம்பில் உரசும், ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போய்ச் சேரும். கருவண்டு சுவரில் கன்னம் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பின்னால் வரும் சிறு தேனீக்களும் எறும்புகளும் அதே ஓட்டை வழியாகவே குடிக்கின்றன. டேவிட் இனோயே என்ற சூழலியலாளர் 1980-ல் இவர்களைத் தரம் பிரித்தார்: ஓட்டை போடுகிறவர் முதல்நிலைக் கொள்ளையர், போட்ட ஓட்டையில் குடிக்கிறவர் இரண்டாம்நிலைக் கொள்ளையர், வாசல்வழியே வந்தும் உடல் அளவு பொருந்தாததால் மகரந்தத்தைத் தொடாமல் குடித்துவிட்டுப் போகிறவர் வெறும் திருடர்.

இதைக் கவனித்தவர்களில் டார்வினும் ஒருவர். பம்பிள் தேனீக்கள் (உடல் பருத்து ரோமம் அடர்ந்த ஒருவகைத் தேனீ) பூவில் ஓட்டை போடுவதையும் வீட்டுத் தேனீக்கள் அந்த ஓட்டைகளைப் பயன்படுத்திக்கொள்வதையும் 1841-லேயே ஒரு தோட்டக்கலை இதழுக்குக் கடிதமாக எழுதினார், ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய எண்ணம். அது சரியாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே போட்ட ஓட்டையில் தேன் குடித்துப் பழகிய பம்பிள் தேனீ, பிறகு தானே ஓட்டை போடத் தொடங்குவது அதிகம் என்று 2008-ல் ஒரு சோதனை காட்டியது. எனக்கு இதைவிடப் பிடித்தது 2013-ல் வந்த ஆய்வு. ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில் ரைனாந்தஸ் என்ற மஞ்சள் பூவை பம்பிள் தேனீக்கள் பக்கவாட்டில் கடித்துத் தேன் எடுக்கின்றன. ஒரு புல்வெளியில் பெரும்பாலும் எல்லாமே இடப்பக்கம் கடிக்கின்றன, இன்னொரு புல்வெளியில் வலப்பக்கம். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு கூட்டத்துக்குள் வழக்கம் என்று ஒன்று உருவாகிறது பாருங்கள், அதுவும் கடுகளவு மூளைக்குள்.

சரி, செடிக்கு இதனால் நட்டமா? பூவைக் கிழித்தால் நட்டம்தானே என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படி நடக்கவும் செய்கிறது. கொலராடோ மலைகளில் இபோமோப்சிஸ் என்ற சிவப்புப் பூச்செடிக்கு மகரந்தம் சுமப்பவை ஹம்மிங் பறவைகள், கொள்ளையடிப்பது ஒருவகை பம்பிள் தேனீ. ரெபெக்கா இர்வினும் அலிசன் பிராடியும் அங்கே பார்த்தது என்னவென்றால், தேன் வற்றிய செடிகளை ஹம்மிங் பறவைகள் தவிர்க்கின்றன, பெரும்பாலான பூக்கள் கொள்ளைபோன செடியில் விதைகள் கணிசமாகக் குறைகின்றன. தேனீ சூலகத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் விதை போச்சு.

ஆனால் ஜப்பானில் கோரிடாலிஸ் பூவை ஓட்டை போடும் தேனீ, அதன் மேல் ஏறி நகரும்போது அடிவயிற்றில் மகரந்தம் ஒட்டி அதுவே மகரந்தச்சேர்க்கையும் செய்துவிடுகிறது. வேறு சில செடிகளில், ஒரு பூவில் தேன் கொஞ்சமே மிஞ்சியிருப்பதால், முறையாக வரும் தேனீ அதே செடியில் சுற்றிக்கொண்டிருக்காமல் தூரத்துச் செடிக்குப் பறக்கிறது, மகரந்தமும் தூரம் போகிறது. அதனால் கீறலைப் பார்த்ததும் கணக்கை முடித்துவிடக் கூடாது. கொள்ளையர் என்று பெயர் வைத்ததே நம் கண்ணை மறைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருவண்டைப் பூச்சி என்று துரத்துகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. இங்கே முதுகில் கீறும் இதே இனம் வேறு எத்தனையோ பூக்களுக்கு ஒழுங்காக வாசல்வழியே போய் மகரந்தம் சுமக்கிறது.

செடியும் சும்மா நிற்கவில்லை. சில பூக்கள் அடிப்பாகத்தைத் தடித்த புல்லிவட்டத்தால் போர்த்திக்கொள்கின்றன. அகோனிட்டம் செடியின் தேனில் நஞ்சு கலந்திருக்கிறது, ஓட்டை போடும் குட்டைநாக்குத் தேனீக்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, முறையாக வரும் நீளநாக்குத் தேனீக்கள் தாங்கிக்கொள்கின்றன. நான் பார்த்த ஐபோமியாவிலோ பூக்காம்பிலேயே தனியாகத் தேன்சுரப்பிகள் உண்டு, அதைக் குடிக்க எறும்புகள் வருகின்றன. எறும்பு மொய்த்த ஒரு காம்பில் கருவண்டு உட்காரப் போய், உட்காராமலே விலகிப் பறந்ததை அன்று கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கீறல் விழுந்த ஏழு பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தேன், பூ உதிர்ந்தாலும் இடம் தெரியட்டும் என்று. இன்று காலை போய்ப் பார்த்தேன். நான்கு காம்புகள் நூலோடு உதிர்ந்து கீழே கிடந்தன. மற்ற மூன்றில் காய்ந்த புல்லிவட்டத்துக்குள் பச்சைக் காய் உருண்டிருக்கிறது.