குழிக்கரண்டிக்கு எத்தனை கிராம்?

ஏழு மாதத்தில் 84.6 கிலோவிலிருந்து 77க்கு இறங்கியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன டயட்?" என்று கேட்கிறார்கள். கடைசியில் வந்து சேர்ந்தது வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு மாதம் வீணாகப் போனது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஜனவரியில் இங்கே திருச்சியில் ஓர் உணவு ஆலோசகரிடம் போனேன். அரை நாள் லீவு. "ஃபாஸ்டிங் சுகர் ரிப்போர்ட் எங்க சார்?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். அப்பாயின்ட்மென்ட் போட்டபோது ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அங்கேயே எடுத்துவிடலாம் என்றால், நான் காபி குடித்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிவிட்டேன். மறுவாரம் இன்னொரு அரை நாள் லீவு, 800 ரூபாய். உள்ளே ஏழு நிமிடம். உயரம், எடை, சைவமா அசைவமா, அவ்வளவுதான் கேள்வி. பிரின்ட் கைக்கு வந்துவிட்டது. ஓட்ஸ், கிவி, ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெயில் சாலட். எங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தாளின் அடியில் "பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்கவும்" என்று இருந்தது. எனக்கு வயது 46.

பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி பரோட்டா. எத்தனை என்று கேட்காதீர்கள்.

அப்புறம்தான் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, நானே கணக்குப் போடலாம் என்று இறங்கினேன். சோறு 150 கிராம், இரண்டு வேளை என்று முடிவு. தினம் அரிசியை நிறுத்து அம்மாவிடம் கொடுத்தேன். "சோத்தைத் தராசுல வச்சுத் திங்கிற வீட்டுல லட்சுமி தங்குவாளாடா?" என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலோரி கணக்குப் போடும் ஃபோன் செயலியில் 'சாதம் 150 கிராம்' என்று பதிந்தேன். அது 195 கலோரி காட்டியது. மூன்று வாரம் கழித்து எடை மெஷினில் ஏறி நின்றால், 300 கிராம் கூடியிருக்கிறது. தராசு பழுது என்று பேட்டரி மாற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சேர்த்தே உலை வைத்துவிட்டார் அம்மா. சரியென்று தட்டைத் தராசில் வைத்து, வெந்த சோற்றைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சிறு அகப்பை போடுவதற்குள் 150 வந்துவிட்டது. தட்டில் ஒரு மூலைகூட நிறையவில்லை. அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக நான் நிறுத்தது அரிசி, பதிந்தது சோறு. 150 கிராம் அரிசி வெந்தால் 400 கிராமுக்குக் குறையாது, 500 கலோரிக்கு மேல். ஒவ்வொரு வேளையும் 300க்கு மேல் கணக்கில் வராமல் போயிருக்கிறது.

இதில் மாட்டாமல் இருக்க ஒன்று சொல்கிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை நம்மூர்ச் சாமான்களுக்கு நல்லது. ஆனால் அதில் இருப்பது சமைக்காத பொருளின் அளவு. இன்னொரு பொறி, ஆற்றலை கிலோ ஜூலில் போட்டிருப்பார்கள். பச்சரிசி 100 கிராமுக்கு ஆயிரத்து நானூறு சொச்சம் என்று பார்த்து நான் ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டேன். 4.18ஆல் வகுத்தால் 356 கலோரி. அரிசியை நிறுத்தால் அரிசிக் கணக்கு, சோற்றை நிறுத்தால் சோற்றுக் கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

சோற்றைச் சரிசெய்த பிறகும் எடை ஆமை வேகம்தான். மிச்சக் குற்றவாளியை அடுப்பு மேடைக்குக் கீழே பிடித்தேன். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் கேன். ஒன்றாம் தேதி வாங்கினால் முப்பதாம் தேதி கவிழ்த்து வடிக்கிறோம். மூன்று பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 மில்லி, அதாவது 50 கிராம், 450 கலோரி. அதே ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சொல்வது 27 கிராம். நான் இதுவரை எண்ணெய்க்கு 'இரண்டு ஸ்பூன்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கணக்கில் ஸ்பூன் என்றால் குழிக்கரண்டி. அதைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்: 40 கிராம். எண்ணெயாக இருந்தால் 36, அதாவது ஒரு கரண்டிக்கே முந்நூறு கலோரிக்கு மேல். பொரியலுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, "கொஞ்சம் வறண்டாப்ல இருக்கு" என்று மேலே ஒன்று.

கரண்டியை எடுத்து ஒளித்துவைத்து, இருமல் மருந்தோடு வந்த 5 மில்லி ஸ்பூனை எண்ணெய்த் தூக்கில் போட்டேன். அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. வெண்டைக்காய்ப் பொரியல் பசை மாதிரி வந்தது, மனைவி தட்டைத் தள்ளிவிட்டாள். வழி கண்டுபிடித்ததும் அம்மாதான். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, நிழலில் கொஞ்சம் காயவிட்டு நறுக்கி, இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்கி, இரண்டு ஸ்பூன் மோர் தெளித்தார். வழவழப்பு போய்விட்டது. வெங்காயத்துக்கு முதலிலேயே உப்புப் போட்டு மூடினால் அதன் தண்ணீரிலேயே சுருண்டுவிடும், எண்ணெய் கேட்காது. இந்த இரண்டும் அந்த 800 ரூபாய்த் தாளில் கிடையாது.

மற்றபடி காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார். மதியம் 150 கிராம் சோறு (வெந்தது!), அதைவிட இரண்டு மடங்கு காய், பருப்பு, ஒரு முட்டை. சாயங்காலம் பாசிப்பயறு சுண்டல். ராத்திரி ஸ்பூன் எண்ணெயில் இரண்டு அடை. நடையில் ஒரு சிக்கலும் இல்லை, தினம் 40 நிமிடம்.

சிறுதானியத்தில் ஒரு மாதம் ஏமாந்தேன். தினை சாப்பிட்டால் இளைக்கும் என்று கடைக்காரர் சொல்ல, தினைப் பொங்கலை வளைத்துக் கட்டினேன். நார்ச்சத்து கூடுதல்தான். ஆனால் கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவுதான், அதோடு பொங்கலில் ஊற்றும் நெய் தனி.

மே மாதம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டேன். மறுநாள் காலை 1.4 கிலோ கூடியிருந்தது. பதறிப்போய் அன்று முழுக்கப் பட்டினி கிடந்து, சாயங்காலம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. ஒரு இலையில் அத்தனை சாப்பிட என்னாலும் முடியாது. ஏறியதில் பெரும்பகுதி உப்பும் அது பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் செரிக்காத சாப்பாடும்தான். நாலு நாளில் தானாக இறங்கியது. அதிலிருந்து ஒரு நாள் எடையைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை, வாரச் சராசரிதான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சோற்றைத் திடீரென்று குறைத்துவிடாதீர்கள், சர்க்கரை கீழே இறங்கிவிடும். முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

இடுப்பு 101 சென்டிமீட்டரிலிருந்து 94 ஆகியிருக்கிறது. ஆண்களுக்கு 90க்குள் இருக்கவேண்டும், இன்னும் தூரம் இருக்கிறது. போன மாதம் ஒன்றாம் தேதி வாங்கிய எண்ணெய் கேனில் இன்னும் ஒரு விரல்கடை மிச்சம். ஆலிவ் எண்ணெயை அம்மா தலைக்குத் தேய்த்தே தீர்த்துவிட்டார். குழிக்கரண்டியை மட்டும் எங்கே ஒளித்தேன் என்று கண்டுபிடித்துவிட்டார். தங்கை வீட்டுக்காரர் வருகிற அன்று அது எப்படியோ அடுப்படியில் வந்து நிற்கிறது.